சீமைக்குப் போற புள்ளைக்கு அம்மாயி சொல்றது

ஏ புள்ள, அந்தப் பெட்டியை ஓரமா வச்சிட்டு இங்க வந்து உக்காரு. பெலிஹுல்ஓயா கெம்பஸில பாடம் சொல்லிக் குடுக்கிற லெக்சரர் அம்மாவுக்கு, ரப்பர் பால் வெட்டி வயசான கெழவி என்னத்தச் சொல்லிறப் போறான்னு மூஞ்சியச் சுளிக்காதே. கொமன்வெல்த் ஸ்கொலர்ஷிப் கெடைச்சி சீமைக்குப் போற. சந்தோஷம். லயத்துல கெடா வெட்டாத கொறைதான். ஆனா போறது செப்டம்பர்ல. இன்னும் ஆறு மாசம் கெடக்கு. அதுக்குள்ள பெல்மதுளை கடையில பெட்டி வாங்கியாச்சி, குளிருக்கு மூணு ஜக்கெட்டு வாங்கியாச்சி, முகத்துக்குப் பூச அஞ்சு டப்பா வாங்கியாச்சி. பெர்த் சேர்ட்டிபிகேட் எங்க புள்ளேன்னு கேட்டா, "அலுமாரியில எங்கயோ இருக்கும் அம்மாயி"ங்கிற. படிச்சவ பேச்சுன்னா அதுதான்.

மொதல்ல உம்பேரச் சொல்லு. சிரிக்காதே, சொல்லு. நீ சொல்ற பேரு ஒண்ணு. பெர்த் சேர்ட்டிபிகேட்ல இருக்கிற பேரு அதுதானா? அடையாள அட்டையில? ஓலெவல், ஏலெவல் பேப்பர்ல? உங்கம்மாவுக்கு நான் வச்ச பேரு லெச்சுமி. பதிவாளர் சிங்களத்துல எழுதினப்ப லட்சுமி ஆனா. இஸ்கூல்ல லக்ஷ்மி. அடையாள அட்டையில லெட்சுமி. ஒரே லயக்காம்பராவுல நாலு லெச்சுமி குடியிருந்தாளுக, சம்பளம் மட்டும் ஒருத்திக்கு. கணக்கப்பிள்ளை செக்ரோல்ல அரை நாள் சம்பளம்னு அரைப்பேர் போட்டா நாம பிரட்டுக்களத்துலயே சண்டைக்கு நிப்போம். பதிவாளர் பேரையே அரையா எழுதிக் குடுத்தா, "சரிங்க ஐயா"ன்னு கும்புட்டு வாங்கிட்டு வருவோம். அம்பது ரூவா கொறைஞ்சா தெரியுது, ஒரு எழுத்து கொறைஞ்சா தெரியல நமக்கு.

அந்த எழுத்து கட்டுநாயக்கவுல தெரியும். பாஸ்போட்டுல ஒரு மாதிரி, பிளேன் டிக்கெட்டுல வேற மாதிரி இருந்தா, கவுண்டர்ல நிக்கிற பொண்ணு உன் பட்டத்தையா பாக்கப் போறா? ரெண்டு பேரையும் ஒண்ணுமேல ஒண்ணு வச்சிப் பாப்பா. அவ்வளவுதான். அதனால பெர்த் சேர்ட்டிபிகேட்ல தொடங்கு. அதுல பிழை இருந்தா பிரதேச செயலகத்துப் பதிவாளர்கிட்ட இப்பவே திருத்தக் குடு. திருத்த முடியாத சின்ன வித்தியாசம்னா, ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு ஜே.பி. முன்னால சத்தியக்கடதாசி முடிச்சி வையி. பெறகுதான் பாஸ்போட்டு, பெறகுதான் விசா. நீயோ வாலுல இருந்து தலைக்கு வர்ற.

இன்னொண்ணு, உம்பேருக்கு முன்னால உங்கப்பன் ஒத்தை எழுத்தா நிக்கிறான். அங்க ஒத்தை எழுத்துக்கு மரியாதை இல்ல. முழுப்பேரும் கேப்பான், குடும்பப்பேரு எதுன்னும் கேப்பான். நமக்கு ஏது குடும்பப்பேரு? பாஸ்போட்டுல அந்தக் கட்டத்துல எது விழுந்திருக்கோ, அதுதான் இனி உன் குடும்பப்பேரு. யுனிவர்சிட்டி கடிதம், விசா போம், டிக்கெட், பேங்கு, எல்லாத்துலயும் அதே எழுத்து, அதே வரிசை. போன பெறகு வெள்ளைக்காரன் "மிஸ் முத்துசாமி"ன்னு கூப்பிட்டா, அப்பன் வந்துட்டானோன்னு திரும்பிப் பாத்துக்கிட்டு நிக்காதே. உன்னைத்தான்.

பாஸ்போட்டுக்கு பிரதேச செயலகத்துலயே கைரேகை வைக்கிற ஏற்பாடு 2023ல வந்துச்சி. ஆனாலும் 2024ல பாஸ்போட்டுப் புத்தகம் தட்டுப்பாடாகி, பத்தரமுல்லையில சனம் ராத்திரி பாய் விரிச்சிப் படுத்ததை டீவியில நீயும் பாத்தே, நானும் பாத்தேன். அப்ப நீ என்ன சொன்னே? "நமக்கென்ன அம்மாயி"ன்னே. இப்ப நமக்குத்தான். சேர்ட்டிபிகேட்டுக்கு வெளிநாட்டு அமைச்சு முத்திரை குத்துற கொன்சியுலர் பிரிவும் பாஸ்போட்டு ஒபீஸ் இருக்கிற அதே சுஹுறுபாய கட்டடத்துலதான் இருக்கு. ரெண்டு வேலையையும் ஒரே பயணத்துல முடிக்கப் பாரு. பஸ் காசு உங்க கெம்பஸ் குடுக்காது.

ஏன் இந்தக் கெழவி காகிதம் காகிதம்னு சாகிறான்னு கேக்கிறியா? எங்க தாத்தன் கடல் தாண்டி வந்தப்ப, மண்டபம் கேம்ப்புல அடைச்சி வச்சி, மருந்தடிச்சி, கழுத்துல ஒரு தகரத்தைக் கட்டி விட்டான். எந்தத் தோட்டம், என்ன நம்பர்னு தகரத்துல அடிச்சிருக்கும். பேரு இல்ல. அவர் எங்க போறாருன்னு அவருக்குத் தெரியாது, தகரத்துக்குத் தெரியும். அதுக்குப் பெறகு 1948ல சட்டம் போட்டு, நீங்க எந்த நாடும் இல்லன்னான். 1964ல சிறிமா அம்மாவும் சாஸ்திரி ஐயாவும் உக்காந்து, அஞ்சு லட்சத்து இருபத்தஞ்சாயிரம் பேரு இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேரு இங்கன்னு பிரிச்சாங்க. எங்கண்ணன் குடும்பம் அந்தக் கணக்குல தலைமன்னார்ல கப்பலேறி, தாத்தன் மருந்தடி பட்ட அதே மண்டபம் கேம்ப்புல எறங்கி, கூடலூர்ல டான்டீ தோட்டத்துல கொழுந்து பறிச்சது. நான் இங்க மிச்சம். அப்பவும் நாடில்லாம மிச்சம் கெடந்தவங்களுக்குப் பிரஜாவுரிமைன்னு 2003ல ஒரு சட்டம் வந்துச்சி. நம்ம வீட்டுல சொந்தப் பேரு போட்ட இந்த நாட்டுப் பாஸ்போட்டோட கடல் தாண்டப் போற மொத ஆளு நீ. அதுக்கு வேண்டிய பெர்த் சேர்ட்டிபிகேட்டைத்தான் அலுமாரியில எங்கயோ இருக்கும்ங்கிற.

சரி, காகிதம் எல்லாம் சேந்துருச்சின்னு வையி. ஒரே உறையில போட்டு ஒரே எடத்துல வச்சிராதே. 2016 மே மாசம் அரநாயக்கவுல சாமசர மலை எறங்கினப்ப, புளத்கொஹுபிட்டிய பக்கம் லயத்து மேல மண்ணு விழுந்தப்ப, உசுரு தப்பினவங்க கையில ஒரு சேர்ட்டிபிகேட் இல்ல. நான் யாருன்னு நிரூபிக்கவே அலைய வேண்டியதாப் போச்சி. மழைக்காலத்துக்கு ரப்பர் மரத்துல பொலித்தீன் பாவாடை கட்டுவோமே, அதாட்டம் காகிதத்துக்கும் கட்டு. நகல் ஒரு செட்டு உங்க மாமா வீட்டுல, ஒரு செட்டு உன் டிப்பார்ட்மெண்டுல, ஒண்ணு ஈமெயில்ல. இப்ப சீமைக்காரன் விசாவையும் பாஸ்போட்டுல ஒட்டுறதை நிப்பாட்டிக்கிட்டு வர்றானாம். கம்ப்யூட்டர் கணக்குல இருக்குமாம். நல்ல முன்னேத்தம். உன் போனு செத்துப்போனா விசாவும் சேந்து செத்த மாதிரி நிக்காம, அந்தப் பக்கத்தை அச்சடிச்சிக் கையில வையி.

கெம்பஸ் லீவு விசயம் உனக்குத்தான் தெரியும். கவுன்சில் அனுமதி கையில வர்றதுக்கு முன்னால டிக்கெட் போடாதே. படிச்சி முடிச்சி வந்து இத்தனை வருசம் வேலை செய்வேன்னு பத்திரம் எழுதுவாங்களாம், பிணைக்கு ஆளு கேப்பாங்களாம். நீ வராட்டி பிணை நின்னவன் தலையில விழும். அதனாலதான் உங்க பெரியப்பா ஒரு வாரமா இந்தப் பக்கம் தலை காட்டல. கோவிச்சிக்காதே. பத்திரத்தை நீ முழுசா வாசி, அவருக்கும் தமிழ்ல வாசிச்சிக் காட்டு. வாசிக்காமக் கையெழுத்து வைக்கிற வழக்கத்துலதான் நம்ம சனம் பெரியங்காணிக்குத் தலைமுறை தலைமுறையா கடன்பட்டுச்சி.

இப்ப ஒடம்பு. ஆறு மாசத்துக்கு மேல தங்கப் போற இலங்கைக்காரங்க, காசநோய் இல்லன்னு சான்று காட்டினாத்தான் விசா. கொழும்புல ஐ.ஓ.எம். நடத்துற கிளினிக்ல நெஞ்சுப் படம் எடுப்பான். தாத்தனை மண்டபத்துல அடைச்சிப் பாத்தான், உன்னைக் கொழும்புல காசு வாங்கிட்டுப் பாக்கிறான். அந்தச் சான்று ஆறு மாசந்தான் செல்லும், இன்னைக்கே ஓடிப்போய் எடுத்துட்டு அப்புறம் காலாவதியாப் போச்சின்னு அழாதே. பல்லு வலிக்கிதுன்னு ரெண்டு மாசமா கராம்பு வச்சிக்கிட்டுத் திரியிறியே, அதை இரத்தினபுரி ஆஸ்பத்திரியில காட்டி முடிச்சிட்டுப் போ. கண்ணாடி ஒண்ணு மிச்சமா செஞ்சிக்க. அங்க விசாவோட சேத்து, படிக்கிற புள்ளைகளுக்கு வருசத்துக்கு 776 பவுண் வைத்தியத்துக்குன்னு வாங்கிக்கிறான். நீ கட்டினாலும் ஸ்கொலர்ஷிப்காரன் கட்டினாலும் காசு காசுதான். எறங்கின வாரமே பக்கத்து டாக்டர்கிட்ட போய்ப் பேரைப் பதி. காய்ச்சல் வந்து கெடக்கிறப்ப போம் நெரப்பலாம்னு இருக்காதே.

காய்ச்சல்னதும் ஞாபகம் வருது, இதை நல்லாக் கேட்டுக்க. நம்ம இரத்தினபுரி, கேகாலை ரெண்டுக்கும் எலிக்காய்ச்சல் பேர்போனது. வயக்காட்டுச் சேறு, மாணிக்கக்குழித் தண்ணி, லயத்துக் காண், எல்லாத்துலயும் எலி மூத்திரம். அதுக்குத்தான் குழியில எறங்குறவங்களுக்கு பி.எச்.ஐ. ஐயா மாத்திரை குடுக்கிறாரு. சேறு பட்டு ஒண்ணு ரெண்டு வாரம், சில நேரம் மாசம் கழிச்சிக்கூட காய்ச்சல் வரும். டெங்கும் அப்படி, நுளம்பு இங்க கடிக்கும், காய்ச்சல் அங்க போய்க் கொதிக்கும். சீமை டாக்டருக்கு எலிக்காய்ச்சல் தெனம் பாக்கிற நோயில்ல. குளிர்க் காய்ச்சல்னு நெனைச்சி, போய்ப் படும்மான்னு அனுப்பினாலும் அனுப்புவான். நீ முந்திக்கிட்டு, நான் இலங்கையில இரத்தினபுரியில இருந்து இத்தனாந் தேதி வந்தேன், அங்க இந்த ரெண்டு காய்ச்சலும் இருக்குன்னு சொல்லு. மூஞ்சி வெக்கத்துல ஊர்ப்பேரை மறைச்சி "கொழும்பு"ன்னு சொல்லிராதே. டெங்கா இருக்குமோன்னு சந்தேகம் இருந்தா பெனடோல் மட்டும் போடு, புரூஃபன், அஸ்பிரின் பக்கம் போகாதே. ரத்தம் கசியும்.

பெறகு அந்த யுனிவர்சிட்டி போம். ஆபத்து அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கேட்ட எடத்துல என் நம்பரைப் போட்டு வச்சிருக்கியாமே. ரொம்பப் பாசம். நடுச்சாமத்துல வெள்ளைக்காரன் கூப்பிட்டு கடபுடன்னு பேசினா நான் என்ன செய்வேன்? "சரிங்க தொரை, காலையில பிரட்டுக்கு வந்துர்றேன்"ன்னு சொல்லி வச்சிருவேன். அதுவும் சிக்னலு கெடைச்சா. லயத்துல போன் எடுக்கணும்னா கோயில் மேட்டுக்கு ஏறணும். இங்கிலீசு தெரிஞ்ச, ராத்திரி போனை அணைக்காத ஒரு ஆளு பேரைப் போடு. உன்னோட வேலை செய்யிற அந்த மேடம் இருக்காங்களே, கேட்டுப் பாரு. ரெண்டாவதுக்கு அங்கயே இருக்கிற ஒரு ஆளு. லண்டன்ல ஹைட் பார்க் கார்டன்ஸ் 13ஆம் நம்பர்ல நம்ம ஹைகொமிஷன் இருக்கு. போன ஒடனே அங்க உன் விவரத்தைக் குடுத்து வையி. பாஸ்போட்டு தொலைஞ்சா அவங்கதான் கதி. அங்கத்த அவசரத்துக்கு 999. உசுரு போற அவசரமில்லாத வைத்தியத்துக்கு 111. மனப்பாடம் பண்ணு, போனுக்குள்ள பத்திரமா வைக்காதே. போனைப் பறிச்சிக்கிட்டு ஓடுறவன் நம்பரை மட்டும் உருவிக் குடுத்துட்டா போவான்?

எனக்குப் பேசுறதுன்னா நேரம் பாத்துப் பேசு. அங்க வெயில் காலத்துல நாம நாலரை மணித்தியாலம் முந்தி. அக்டோபர் கடைசி ஞாயித்துக்கெழமை அவங்க மணிக்கூட்டைப் பின்னால திருப்பிருவாங்க, அஞ்சரை ஆயிரும். சூரியனைக்கூட வேலைக்கேத்த மாதிரி நகத்துற சனம், நம்மள தோட்டம் தோட்டமா நகத்தினதுல என்ன ஆச்சரியம்! வாரத்துக்கு ரெண்டு தரம், சொன்ன நேரத்துக்குப் பேசுனாப் போதும். ஒரு தரம் தவறினா மாமா உன் மேடத்துக்குக் கூப்பிடுவாரு, ரெண்டு தரம் தவறினா யுனிவர்சிட்டிக்கே போகும். இது வேவு பாக்கிறது இல்லடி. நீ தனியா இருக்கே, தேடுறதுக்கு ஒரு ஆளு இருக்குன்னு மத்தவங்களுக்கும் தெரியணும்.

மத்தவங்கன்னதும் கேக்கிறேன். கருத்தரங்கு, மீட்டிங்குன்னு வேற ஊருக்குப் போவே. ரூமை நீயே முந்தி எடு. பெரிய புரொபசர் "ராத்திரி சாப்பாட்டோட ஆராய்ச்சி பேசலாம்"னா, பகல்ல ஒபீஸ்ல பேசலாம் சேர்னு சொல்லப் பழகு. இந்த வாயி, "சரிங்க தொரை"ன்னு தலைமுறை தலைமுறையா சொல்லிப் பழகின வாயி. அதுல "இல்லைங்க" வர்றது கஷ்டம். கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பாரு, அந்த அஞ்சு டப்பாவும் பூசுற நேரத்துல.

எயார்போட்டுல கேள்வி கேக்கிறவன்கிட்ட மாத்திரம் அளவாப் பேசு. எதுக்கு வந்தேன்னா படிக்க. எங்கன்னா யுனிவர்சிட்டி பேரு. எங்க தங்குறேன்னா விலாசம். அதுக்கு மேல, எங்க சித்தப்பா மகன் பெட்ரோல் ஷெட்டுல இருக்காரு, அவரு ஒரு வேலை பாத்துத் தாரேன்னாருன்னு கதை அளந்தா, அடுத்த பிளேன்ல நீ பெல்மதுளையில. படிப்பு நடக்கிற காலத்துல வாரத்துக்கு இருபது மணித்தியாலந்தான் வேலை செய்யலாம்னு கட்டுப்பாடு. இருபத்தோராவது மணித்தியாலத்துக்குக் கூப்பிடுற சொந்தக்காரன் சொந்தக்காரன் இல்ல.

உன் தம்பிக்கும் இதைச் சொல்லு. அவனுக்கு எவனோ வட்ஸ்அப்ல, தாய்லாந்துல படிப்பும் கம்ப்யூட்டர் வேலையும் சேத்துத் தாரேன், விசிட் விசா போதும்ங்கிறானாம். 2024ல மியன்மார்ல மியாவடிப் பக்கம் நம்ம நாட்டுப் புள்ளைக அப்படித்தான் போய் மாட்டி, மோசடி வேலை செய்யச் சொல்லி அடி வாங்குச்சிங்க. உண்மையான யுனிவர்சிட்டி விசிட் விசாவுல கூப்பிடாது, முன்பணத்தை ஏஜென்சிக்காரன் சொந்தக் கணக்குல போடவும் சொல்லாது.

போற அன்னைக்கு இங்கயிருந்து நேரா எயார்போட்டுன்னு நெனைப்பிருந்தா விட்ரு. செப்டம்பர்ல மழை இருக்காதுங்கிற. இரத்தினபுரியில மழை எந்த மாசம் லீவு போட்டிருக்கு? 2003லயும் 2017லயும் களுகங்கை டவுனுக்குள்ள ஏறி வந்ததைப் பாத்தவ நான். ஒரு மரம் குறுக்க விழுந்தாலே அவிசாவளை ரோட்டுல அரை நாள். முந்தின நாளே கொழும்புக்குப் போய்ப் படு. பவர் பேங்கைக் கைப்பையில வையி, பெரிய பெட்டியில போட்டா எடுத்து வெளிய வச்சிருவான்.

கடைசியா, பெட்டிக்குள்ள என்ன போகுதுங்கிற கதை. பெட்டி உன்னது, அடுக்கிறது நீ, பூட்டுறது நீ. இறைச்சி, பால்ச்சாமான் அங்க எறக்க விடமாட்டான். அதனால மாமி தர்ற நெய் போத்தல் வேண்டாம். டுபாயில எறங்கி மாறிப் போறே. அங்க கசகசா பெரிய குத்தம், போதைச் சாமான் கணக்குல சேத்திருக்கான். நாம பலூடாவுல போடுறது திருநீத்துப்பச்சை வெதை, அது வேற. ஆனா பொட்டலத்து மேல "கசகசா"ன்னு எழுதியிருந்தா அவன்கிட்ட நீ தாவரவியல் பாடம் நடத்திக்கிட்டு நிக்க முடியுமா? நாட்டு மருந்துக் கடையில மதனமோதகம்னு உருண்டை விக்கிதே, வயித்துக்கு நல்லது, பசியெடுக்கும்னு பெரியாத்தா குடுத்து விடப் பாப்பா. அதுல கஞ்சா எலை. இங்க மருந்து, கடல் தாண்டினா ஜெயிலு. டாக்டர் எழுதின மாத்திரைன்னா சீட்டோட, கடைப் பெட்டியோட கொண்டு போ. வலிக்கு எழுதுற ட்ராமடோல், கொடீன் மாதிரி மாத்திரைக்கு டுபாயில அனுமதி இல்லாம வழியில்ல.

இதெல்லாம் சின்னது. இது கல்லு ஊரு, புள்ள. நீ சீமைக்குப் போறேன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து, பத்து வருசமா நம்ம வாசப்படி மிதிக்காதவன் எல்லாம் "தங்கச்சி எப்ப பயணம்"னு கேக்கிறான். ஒருத்தன் கையில சின்னப் பேப்பர் மடிப்பு இருக்கும். "ஒரே ஒரு நீலக்கல்லு, பேர்ஸ்ல போட்டுக்க, அங்க ஒருத்தர் வந்து வாங்கிக்குவாரு, உனக்கும் ஏதாச்சும் பாக்கலாம்"பான். கல்லு வெளிய போகணும்னா இரத்தினக்கல் அதிகார சபை, சுங்கம்னு மொறையான வழி இருக்கு. அந்த வழியில போறவனுக்கு உன் பேர்ஸ் எதுக்கு? கல்லு நெசமா இருந்தா கடத்தல்னு பிடிப்பான். பொய்யா இருந்தா, நல்ல கல்லை நீ மாத்திட்டேன்னு அவன் பிடிப்பான். ரெண்டுலயும் மாட்டுறது நீ.

மொகத்தைப் பாத்து எப்படி மாட்டேன்னு சொல்றதுங்கிறியா? உனக்கு வராது. அது எனக்கு நல்லா வரும். அந்தா பாரு, கோயில் மேட்டுல எறங்கி வர்றான் ஒருத்தன், சட்டைப்பையத் தடவிக்கிட்டே. நீ போய் அலுமாரியில பெர்த் சேர்ட்டிபிகேட்டைத் தேடு. போறப்ப அடுப்புல தேத்தண்ணிக்கு வை, சீனி போடாதே. அவனுக்குச் சீனி வியாதின்னு நான் சொல்லிக்கிறேன்.